தாம் செய்த இயந்திரத்தைத் தாமே கழற்றிய லெனாட் அவர்களுக்கு

குருநகரில் பிறந்து, ஜேர்மனியில் இயந்திரங்களுக்கு நுட்பம் ஊட்டி, நண்டுச் சதை எடுக்கும் எமது தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் எம்முடன் உழைத்து, இன்று ஓய்வு பெறும் பொறியியல் வித்தகர், உயர்திரு செபமாலை லெனாட் அவர்களே,

உங்களைப் போற்ற உயர்ந்த சொற்களைத் தேடினோம். எட்டு மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு எழுதிய மடல் இது. கிடைத்த சொற்களைக் கொண்டே எழுதியிருக்கிறோம்.

எண்பத்தாறாம் ஆண்டு அகதியாக ஜேர்மனியில் இறங்கி, பொதிசெய்யும் இயந்திரங்கள் செய்யும் ஆலையொன்றில் தரை துடைத்தீர்கள். துடைத்த தரையில் நின்றே இயந்திரங்களைப் படித்தீர்கள். பழத்தை நசுக்காமல் எடுத்துப் பெட்டியில் அடுக்கும் இயந்திரக் கை உங்கள் கண்டுபிடிப்பு. அதன் காப்புரிமைப் பத்திரத்தில் உங்கள் பெயர் மூன்றாவதாக, எழுத்துப் பிழையோடு இருக்கிறது. அதை நீங்கள் ஒரு குறையாகச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

இங்கு வந்த முதற்கிழமையே, நண்டு அவித்த கொதிநீர் எங்களில் ஒருவரான றோஸ் அக்காவின் கையில் கொட்டியதைக் கண்டீர்கள். அடுத்த மாதம், கூடையைத் தானே தூக்கி, நீரை வடித்து, மேசையில் வைக்கும் பொறியைச் செய்து தந்தீர்கள். அதன்பின் எங்களில் ஒருவருக்கும் கை வேகவில்லை.

பிறகு நிர்வாகம் சதை எடுக்கும் இயந்திரம் கேட்டது. இரண்டு ஆண்டுகள் முயன்று அதையும் செய்தீர்கள். வெள்ளோட்டத்தன்று, நாங்கள் பத்துப்பேர் ஒரு நாளில் எடுக்கும் சதையை அது ஒரு மணிநேரத்தில் எடுத்தது. வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். நாங்கள் நாற்பது பெண்களும் தட்டவில்லை. எங்களுள் மூத்தவரான ஜெனிற்றா முன்னே வந்து, "அண்ணை, உது ஓடத் தொடங்கினா நாங்கள் எங்கை போறது?" என்று கேட்டார்.

அடுத்த மூன்று நாட்கள் நீங்கள் வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்து சொன்னீர்கள்:

"அங்கை நான் செய்த இயந்திரக் கையாலை பதினாலு பேருக்கு வேலை போச்சுது, தங்கச்சி. எனக்கு அந்தப் பாசை படிப்பிச்ச மனிசனும் அதிலை ஒராள். பிறகு அவன்ரை முகத்திலை முழிக்க எனக்கு ஏலாமப் போச்சுது."

அன்றே இயந்திரத்தைக் கழற்றினீர்கள். ஓடு உடைக்கும் பகுதியை மட்டும் எங்கள் மேசைகளில் பொருத்திப் பூட்டினீர்கள். சதை எடுக்கும் வேலை எங்கள் விரல்களிடமே இருந்தது. நிர்வாகம் தருவதாகச் சொன்ன பணிப்பாளர் பதவி உங்களுக்கு வரவில்லை. ஒன்பது ஆண்டுகள், கூட்டத்துக்குக் கூட்டம், இயந்திரத்தைத் திரும்பப் பூட்டுவீர்களா என்ற அதே கேள்விக்கு, மாட்டேன் என்ற அதே பதிலைச் சொல்லிவிட்டுச் சோர்ந்த முகத்தோடு வெளியே வருவீர்கள். எங்களில் ஒருவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

இப்போது வெளிநாட்டிலிருந்து வேறொரு இயந்திரம் வரப்போகிறது. அதைச் சொல்ல வந்த அன்று, "நான் களைச்சுப்போனன், பிள்ளையள்" என்று மன்னிப்புக் கேட்பவர்போல நின்றீர்கள். நீங்கள் அப்படி நிற்கத் தேவையில்லை ஐயா. நாங்களும் களைத்தவர்கள்தாம், எங்களுக்கு அது விளங்கும்.

துணைவியார் ஜெசிதா அம்மாவோடு, நோயற்ற உடலும் நல்ல நித்திரையும் நீண்ட ஆயுளும் பெற்று நீங்கள் வாழ இறைவனை இறைஞ்சுகிறோம். புதிய இயந்திரத்தைப் பூட்டித்தர உங்களை யாரும் கூப்பிட்டால் போகவேண்டாம். எங்களுக்காகக் கதைக்க வரும்படி நாங்களும் கூப்பிடமாட்டோம். நிர்வாகத்தினர் முன்வரிசையில் இருக்கும்போதே இதை வாசிக்கிறோம்: இனி எங்கள் வேலைக்காக நாங்களே கதைப்போம்.

இங்ஙனம்,
சதை எடுக்கும் பகுதிப் பெண்கள் நாற்பதின்மர்