இடப்பக்கக் கதவு

ஐயா, பழைய வண்டிக்கு எஞ்சின் கிடைத்துவிடும்; கதவுதான் கிடைக்காது. எஞ்சினை வேறொரு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியும் ஓட்டிவிடலாம். தகடு அப்படியன்று. அதன் வளைவு அந்த வண்டிக்கு மட்டுமே உரியது. இதை முதலில் சொல்லத் தாங்கள் அனுமதிக்க வேண்டும். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

என்னுடைய பிக்கப் வண்டியை நான் வெறும் கூடாகத்தான் வாங்கினேன். பானெட், மட்கார்டு, பின்பலகை என்று பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இடப்பக்கக் கதவு மட்டும் அகப்படவில்லை. ஒரு கடையில் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்து, துணியில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒட்டாமல் விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் பாதிக்குமேல் தகடே இல்லை, வெறும் பட்டிப் பூச்சு. பழுதில்லாத கதவு, நான் அறிந்தவரை, ஓரிடத்தில்தான் இருந்தது. அக்காவின் கணவரிடம் அதே வண்டி இருந்தது.

அத்தான் நல்லவர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கதவின்மேல் காந்தத்தை ஓட்டிப் பார்ப்பேன். எல்லா இடத்திலும் ஒட்டியது.

"என்ன மாப்ள, என் கதவுக்கு ஜுரம் பாக்கறியா?" என்பார்.

"பேசாம அந்தக் கதவையே அவனுக்குக் கட்டி வச்சிடுங்க. பொண்ணு தேடுற அலைச்சலாவது மிச்சம்," என்று அக்கா உள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

"கதவக் குடுத்துட்டு நான் சாக்கத் தொங்கவிட்டா ஓட்டுறது? உயிரக் கேளு, தரேன். கதவு கிடையாது."

சம்பவத்தன்று அக்கா வெளியே போயிருந்தாள். அத்தான் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சைலன்சரைப் பார்க்கக் கீழே படுத்திருந்தார். பாதுகாப்புக்காக அடிச்சட்டத்தின் கீழ் ஒரு மரக்கட்டை வைக்கச் சொன்னார். வைத்தேன். ஜாக்கி தானாகத்தான் வழுக்கியது. தாங்களும் அதை ஒப்புக்கொண்டீர்கள். கட்டை இருந்ததால் வண்டி பாதியில் நின்றது. அவருக்கு மூச்சுவிட இடமிருந்தது. வெளியே வர இடமில்லை.

"மாப்ள, ஜாக்கியப் போட்டுத் தூக்குடா. நெஞ்ச அமுக்குது."

தூக்கத்தான் முனைந்தேன். ஆனால் வண்டி தாழ்ந்துவிட்டதால் அடிச்சட்டத்தின் கீழ் ஜாக்கி நுழையவில்லை. கதவின் கீழ்விளிம்பில் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். கொடுத்தால் விளிம்பு மடங்கிவிடும். தீயணைப்பு வீரர்களை அழைத்தாலோ, வந்ததும் கதவைத்தான் வெட்டுவார்கள். ஆகவே கதவை முதலில் கழற்றிவிடுவது எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது. கீல் போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தது. எண்ணெய் விட்டேன்.

"என்னடா பண்ற அங்க?"

"எண்ணெய் விட்டிருக்கேன் அத்தான். கொஞ்சம் ஊறணும். அவசரப்பட்டா தலை முறிஞ்சிடும்."

பிறகு, "கதவ எடுத்துக்கோடா. உனக்குத்தான். என்னை மட்டும் வெளிய இழு," என்றார். நான் நன்றி சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கனமான கதவு, ஐயா. போல்ட் கழன்றதும் தொங்கித் தரையில் இடித்துவிடும். அடியில் முட்டுக் கொடுத்தாக வேண்டும். வேறு ஏதாவது தேடியிருக்கலாமே என்று தாங்கள் கேட்டது நியாயமே. தேடினேன். செங்கல் இருந்தது, செங்கல் பெயிண்டைச் சுரண்டிவிடும். மரம் என்று அங்கே இருந்தது அந்த ஒரு கட்டைதான். எடை ஏறியிருந்ததால் எளிதில் வரவில்லை. சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அத்தான் என்னைக் கூப்பிட்டார், கூப்பிட்டு முடிக்கவில்லை.

போல்ட்டுகள் ஒன்றுகூட முறியாமல் வந்தன. கதவைப் போர்வையின்மேல் கிடத்திவிட்டு, பிறகு தொலைபேசியில் உதவிக்கு அழைத்தேன்.

வாக்குமூலத்தில் கொலை என்று தாங்கள் எழுதியிருப்பதற்குக் கையொப்பமிடுகிறேன். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த வரியில் திருட்டு என்றும் இருக்கிறது. அதை மட்டும் அருள்கூர்ந்து நீக்கிவிட வேண்டும். கதவை அத்தான் தம் வாயாலேயே கொடுத்தார். திருடன் என்று பெயர் வந்துவிட்டால், அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?