புகைக்கதவும் வெள்ளிக் கரண்டியும்

கதவு அடிக்கிற சத்தம் எனக்குப் பிடிக்காது. வீட்டில் குசினிக் கதவைக்கூட மனுசி மெள்ளத்தான் சாத்துவா. அலுவலகக் கதவடியில் எப்படிக் கீறல் வந்தது என்று கேட்டீர்கள், ஐயா. அதற்குத்தான் வருகிறேன்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் சரக்கு அலுவலகத்தின் புதுக் கட்டடம் எழுபத்துநாலில் திறந்தது. ஆனந்தராசா என்கிற நான்தான் நிர்வாகி. மேல்மாடியில் படிக்கட்டுக்கு நேரே என் மேசை. இடையில் ஒரு கனத்த கதவு. தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் தானாகச் சாத்திக்கொள்ளும். இஞ்சினியர் யோகலிங்கம் விளக்கம் சொன்னார்: "நெருப்பு பிறகுதான் வரும், சேர். ஆளைக் கொல்லுறது புகை. அது படிக்கட்டாலதான் ஏறும். கதவு சாத்தியிருந்தால் உள்ளுக்கு வராது."

கெட்டிக்காரர்தான். ஆனால் திறப்புவிழாக் கல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம், படிக்கட்டுச் சுவரில் பதித்துவிட்டார். பிரதம விருந்தினரின் பெயர், அதற்குக் கீழே என் பெயர். கதவு சாத்தினால் என் கதிரையிலிருந்து எனக்கே தெரியாது.

ஆகவே, அத்திவாரக் கல்லுக்குச் சாந்து பூசிய வெள்ளிக் கரண்டியைக் கதவடியில் செருகினேன். அலுமாரிக்குள் அது சும்மாதானே கிடந்தது. நீங்கள் கேட்ட கீறல் அதனால்தான்.

கிளாக்கர் பேணாட் போகவர அதைக் காலால் தட்டிவிடுவார். "சேர், உங்கட பேரை நீங்கள் வாசிக்கிறதுக்கு நாங்கள் புகை குடிக்க ஏலுமே?" என்றார் ஒருநாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தனான். "திங்கட்கிழமை சேர்மன் வாறார்தானே, அவரிட்டயே கேக்கிறன்" என்றார். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

வரவேற்பு வளைவு, கடுதாசிப் பூ, சாக்கு எல்லாம் அடுத்த விருந்தினருக்கு உதவும் என்று படிக்கட்டின் கீழ் அடுக்கச் சொன்னதும் நான்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அது பற்றிக்கொண்டது. யாருடைய பீடியோ, தெரியாது. பேணாட்டுக்குத்தான் முதலில் மணத்தது. "நான் பாத்திட்டு வாறன். கரண்டியை எடுத்திட்டுக் கதவைச் சாத்துங்கோ, சேர்" என்று இறங்கிப் போனார்.

எடுத்துப் பையில் போட்டேன். கதவு சாத்திக்கொண்டது. மற்றவர்கள் துறைமுகப் பக்க ஜன்னல்களுக்கு ஓடி, ஏணி கேட்டுக் கத்தினார்கள். நான் கதவடியில் நின்றேன்.

கொஞ்சத்தில் அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. "சேர், பேணாட். திறவுங்கோ."

ஒரு ஆள் நுழைகிற இடைவெளியில் எவ்வளவு புகை வரும்? கொஞ்சம்தான். அதை யோசித்தேன். திங்கட்கிழமையையும் யோசித்தேன். பிறகு தோளைக் கொடுத்து நின்றேன். அவர் தள்ளினார், நான் மொத்தமான ஆள். தட்டுவது நின்ற பிறகும் கொஞ்சம் நின்றேன்.

மேல்மாடியில் ஒருவருக்கும் இருமல்கூட இல்லை. சேர்மன் எனக்கு மாலை போட்டார். அமளியிலும் விதியை விடாதவர் என்றார். பொய் இல்லையே, ஐயா.

கரண்டி இதோ. மினுக்கித்தான் வைத்திருக்கிறேன்.

பேணாட்டின் ஞாபகமாக ஒரு கல் பதிக்கிறோம். இந்த முறை கதவுக்கு இந்தப் பக்கம்தான் என்று அவர் மனைவி ஞானமலரிடமும் சொல்லிவிட்டேன். கீழே என் பெயர் சின்னதாக இருந்தால் போதும்.