யோலண்டாவின் பிழையான இங்கிலீஷ்

தலைமை தாங்கும் சபாரத்தினம் ஐயா அவர்களே, இந்தப் பிராண்டே ஊர்ப் பனியில் நடந்துவந்த பெரியோரே, பக்டரியில் நின்று களைத்த கால்களோடு வந்திருக்கும் தாய்மாரே, கடைசி வரிசைச் சகோதரரே, அனைவருக்கும் வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. பேசாதிருக்கவும் இயலவில்லை.

சென்ற வாரம் இங்கே ஓர் அண்ணை, எங்களோடு சாயத் தொட்டியில் வேலைசெய்யும் சிலி நாட்டு அகதி யோலண்டாவைப்போல நடித்துக் காட்டினார். ஸ்பானியம் பேசி வளர்ந்தவளுக்கு 'ஸ்டொப்' என்பது 'எஸ்டொப்'. வயதைச் சொன்னால் 'ஹாஸ்' போட்டு, கையில் வைத்திருப்பதுபோலச் சொல்வாள். மண்டபம் குலுங்கியது. நானும் சிரித்தேன்.

அதே தொட்டியில் நிற்கும் நம் பிள்ளை மேரிசெலினின் கைகளைப் பார்த்தீர்களா? கிழிந்த கையுறைக்குள் சாயம் புகுந்து தோலுரிந்த கைகள். "ஏதும் குறை உண்டா?" என்று எங்களை மேற்பார்க்கும் போர்மன் இங்கிலீஷில் கேட்டபோது, கொன்வென்றில் இங்கிலீஷ் படித்த நாங்கள் ஆறு பேரும் என்ன செய்தோம்? பெரியவர் முன் குறை சொல்லாத நம் வழக்கப்படி புன்னகைத்தோம். "வசனம் பிழைச்சால் வெக்கமடி," என்றார் எங்களில் மூத்த ராசமலர் அக்கா.

போர்மன் திரும்பினார். எழுந்தது ஒரு குரல். "எஸ்டொப், மிஸ்டர். எக்ஸ்பிளேன் மீ. ஷீ ஹாஸ் ட்வென்ரி இயர்ஸ். லுக் த ஹான்ட்."

நாலு வசனம். நாலும் பிழை. மாலையே எல்லோருக்கும் புதுக் கையுறை வந்தது.

ஆனால் மேரிசெலினின் வேலை போகப்போகிறது. இந்தக் கை வேலைக்கு உதவாதாம். திங்கட்கிழமை முடிவு.

என்ன மாஸ்டர்? "கடிதம் எழுதியாச்சு, பிள்ளை," என்கிறீர்களா? ஓம், நவரத்தினம் மாஸ்டர், மேரிசெலினின் கையைப் பற்றி முதலாளிக்கு இங்கிலீஷில் எழுதியாச்சு. பத்தொன்பது நாளாகத் திருத்தியும் ஆச்சு. 'பணிவன்புடன்' என்பதற்கு ஏற்ற சொல் தேடியே மூன்று நாள். பிழையற்ற அந்தக் கடிதம் இன்னும் உங்கள் சட்டைப் பையில்தானே இருக்கிறது?

வாய் தவறியது பிழையா? வாய் மூடியது பிழையா? இங்கிலீஷ் யோலண்டாவுக்கும் இரவல், நமக்கும் இரவல், இந்த ஊர் மொழி பேசும் அந்தப் போர்மனுக்கும் இரவல். இரவல் மொழிக்கு நாம் ஏன் காவல் நிற்கிறோம்? நம் பிள்ளையின் கைக்கு ஏன் காவல் நிற்கவில்லை?

திங்கள் காலை ஏழு மணிக்கு யோலண்டாவும் நானும் மேரிசெலினோடு போர்மன் அறைக்குப் போகிறோம். நான் பிழையாகப் பேசுவேன். திருத்த விரும்புவோர் வாருங்கள். பக்கத்தில் நின்று திருத்துங்கள். சிரிக்க விரும்புவோரும் வாருங்கள். ஆனால் வாருங்கள். வராமல் வீட்டிலிருந்து சரியான இங்கிலீஷில் மட்டும் எங்களுக்காக வருந்தாதீர்கள்.

இவ்வளவும் பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி. அந்த அறை வாசலில் வந்து நிற்கப்போகும் ஒவ்வொருவருக்கும் என் வணக்கத்தை இப்போதே சொல்லிவைக்கிறேன்.