பேர் சொல்லாத வழி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாய் அடங்குவதில்லை, விதானையார். வழியில் போகிறவனை வேலிக்குள் நின்று பேர் சொல்லிக் கத்துகிறார்கள். அவனும் திரும்பிப் பல்லைக் காட்டுகிறான். விசாரிக்க வந்த ஊர் அதிகாரி நீங்களும் வந்ததும் வராததுமாக வாசல் படலையில் நின்று என் பேரைத்தான் கூப்பிட்டீர்கள். சரி, இருங்கள். மலைப்பிளவுக்குள் அருமைநாயகம் செத்துக் கிடந்ததைத் தேன் எடுக்கப் போனவர்கள் கண்டார்கள், இறங்கின கயிற்றைக் காணவில்லை என்கிறீர்கள். சொல்கிறேன்.

கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் கடற்கரை வழியாகத்தான் போவார்கள். களுதாவளையிலிருந்து நான் கூட்டிப்போகிற கூட்டம் மட்டும் மேற்கே திரும்பி, மொனராகலை மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இறங்கிப் போகும். அப்பா காட்டிய வழி அது. வேலாயுதத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே போகிறவன்தான் வழிகாட்டி. அவன் சொல்வதை மற்றவர்கள் கேட்க வேண்டும். காட்டுக்குள் கால் வைத்தால் யாருக்கும் பேர் கிடையாது. ஆண், பெண், குழந்தை எல்லாரும் சாமி. காட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவது நம் ஆள் இல்லை. அதற்குத் திரும்பினால் ஆளைக் கொண்டுபோய்விடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

அருமைநாயகத்துக்கும் தெரியும். நல்ல உழைப்பாளி, அதை நான் மறைக்கவில்லை. வயல்காரன், பாரம் தூக்கச் சலிக்கமாட்டான். வாய்தான் கூடாது. பள்ளத்தாக்கில் இறங்குவதற்கு முதல் நாள் நான் வழி தவறினேன். மாரி வெள்ளத்தில் ஓர் ஓடை இடம் மாறியிருந்தது. காலையில் புறப்பட்ட இடத்துக்கே சுற்றிவந்து, நாங்கள் மூட்டிய அடுப்பின் சாம்பலையே மிதித்தோம்.

"என்ன சாமி, சட்டிக்குள்ள சோறு மிச்சம் இரிக்கெண்டா திரும்பி வந்த நீங்க?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் பெண்சாதி இரத்தினம்மாவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கின மறுகா அவன் என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"சாமிக்குக் கண் மங்கிப்போச்சு. வேலாயுதத்த என்ட கையில தாங்க. ஊருக்குப் போய் நானே சொல்லிப்போடுறன், வாற வருசம் நான்தான் கூட்டிப் போறதெண்டு."

மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. கண் மங்கியதும் உண்மைதான். அப்பா சாகிற அன்று அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது அந்த வேலாயுதம். அதை இறக்கிவை என்று சொல்ல அவன் யார்? அதுதான் எனக்கு விளங்கவில்லை. இராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் பள்ளத்தாக்கில் ஓடை வற்றிக் கிடந்தது. கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு பாறைப் பிளவு. தென்னை உயரத்துக்கு ஆழம். கோடையிலும் அடியில் தண்ணீர் நிற்கும். ஒருவன் கயிற்றில் இறங்கி மொண்டு கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மர நிழலில் படுத்துவிட்டார்கள். அவன்தான் நான் கேட்காமலே எழும்பி வந்தான். கயிற்றை மரத்தில் கட்டி இறக்கினேன். ஒவ்வொரு குடமாகக் கட்டிவிட்டான், நான் இழுத்தேன். கடைசிக் குடமும் வந்தது. குடத்தை அவிழ்த்தேன். மரத்திலிருந்து கயிற்றையும் அவிழ்த்துச் சுருட்டினேன். காட்டில் கயிற்றை விட்டுவிட்டு வரக் கூடாது, விதானையார். மான் மாட்டிக்கொள்ளும்.

எல்லாருக்கும் தண்ணீர் வார்த்தேன். நல்ல தண்ணீர் என்று குடித்தார்கள். அந்தச் சாமி என்னோடு கோபித்துக்கொண்டு குறுக்கு வழியில் முன்னால் போய்விட்டது என்றேன். முதல் நாள் நடந்ததைப் பார்த்தவர்கள், நம்பினார்கள்.

புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் குரல் வந்தது. "இரத்தினம்... இரத்தினம்..." இரண்டு பக்க மலையும் அதைத் திருப்பிச் சொன்னது. எந்தப் பக்கம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவள் நின்றாள்.

"அவர்ர குரல் சாமி."

"அவன் முன்னால போனவன். இது பேர் சொல்லுது, கேக்கல்லியா?"

"தாகத்தில மறந்துபோய்க் கூப்பிடுறாரோ என்னவோ..."

"திரும்பினா ஒன்னையும் கொண்டுபோயிரும். நட."

நடந்தாள். கண்ணீர் வடிந்ததே தவிர, கழுத்தைத் திருப்பவில்லை. நல்ல பிள்ளை, சட்டம் தெரிந்தவள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வழி வளைகிற இடத்தில் குரல் இன்னொரு தரம் வந்தது. கண் மங்கினாலும் எனக்குக் காது கூர்மை. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. இந்தத் தரம் பேர் இல்லை. "சாமி" என்றது. பிறகும், "சாமி". அவனுக்குச் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. நான் வேலாயுதத்தை உயர்த்தி அரோகரா என்று கத்தினேன். எல்லாரும் கத்தினார்கள். அவளும் கத்தினாள். வளைவு தாண்டும் வரைக்கும் நான் நிறுத்த விடவில்லை.

அந்தக் கயிறு எங்கே என்றீர்கள். அந்தா, என் கிணற்றில் கிடக்கிறது. சில நாளைக்கு வாளி பாரமாக வரும், நான் எட்டிப் பார்ப்பதில்லை. பொழுதுபடுகிற நேரம் வாவிப் பக்கமிருந்து ஒரு குரல் என்னைக் கூப்பிடும். பேர் சொல்லித்தான் கூப்பிடும். அதனால் பயமில்லை. சாமி என்று கூப்பிடத் தொடங்கினால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இவ்வளவுதான். முதலில் பேர் சொன்னவன் அவன். குற்றம் என்னுடையது என்று நீங்கள் எப்படிச் சொன்னாலும் என் மனம் ஒப்பவில்லை. மாடு வெயிலில் நிற்கிறது, அவிழ்த்துக் கட்ட வேண்டும். நான் வாறன்.

"சீனித்தம்பி, நில்லுங்க. சீனித்தம்பி!"

கூப்பிடுங்கள். நான் திரும்பப்போவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவது நம் ஆள் இல்லை.