எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு

தம்பி: இன்னொரு தடவை வெச்சுப் பாருக்கா… புள்ளையத் தொட்டாலே கை சுடுது.

நர்ஸ்: டியூட்டியில அக்கா இல்ல, தோழர்னு கூப்பிடு. மூணு தடவை வெச்சாச்சு. தொண்ணூத்தெட்டு.

தம்பி: தோழராவது மண்ணாங்கட்டியாவது! உன் கூடப்பொறந்தவனோட மக இவ, அக்கா. நெத்தியத் தொட்டுப் பாரேன்!

நர்ஸ்: என் கை என்ன தெர்மாமீட்டரா? நூறு காட்டினாத்தான் வார்டுல கட்டில்.

தம்பி: காலையிலேருந்து கண்ணே தொறக்கல. பினாத்துறா.

நர்ஸ்: வெயில்ல ஆடியிருப்பா…

தம்பி: வெயிலா? மூணு நாளா மழை ஊத்துது!

நர்ஸ்: கத்தாதடா… சுவருக்கும் காது இருக்கு. நம்ம மாவட்டத்துல காய்ச்சல் ஒழிஞ்சாச்சு. வாசல்ல போர்டு பார்க்கல?

தம்பி: பார்த்தேன். எல்லாரும் சமம்னானுங்க, சரின்னேன். உடம்புச் சூடு கூடவா சமம்? சாகக் கெடக்கிற புள்ளைக்கும் தொண்ணூத்தெட்டு, குத்துக்கல்லாட்டம் இருக்கிற கட்சிச் செயலாளருக்கும் தொண்ணூத்தெட்டு!

நர்ஸ்: கருவி பொய் சொல்லுமா?

தம்பி: சொல்லும்.

நர்ஸ்: உனக்கெப்படி…

தம்பி: நான் எங்கக்கா வேலை பாக்குறேன்?

நர்ஸ்: தெர்மாமீட்டர்… ஃபாக்டரியில.

தம்பி: கண்ணாடிக் குழாயைத் தீயில காட்டி, தொண்ணூத்தெட்டுக்கு மேல ஒரு நெரி நெரிச்சு அடைச்சிடுவோம். அப்புறம் பாதரசம் ஏறவே ஏறாது. ஐந்தாண்டுத் திட்டம் அப்படி. ஒரு நாளைக்கு இருநூறு… இந்தக் கையாலதான்.

நர்ஸ்: அடப்பாவி.

தம்பி: ஆட்சேபணை உண்டான்னு கூட்டத்துல கேட்டாங்க. ஒருத்தன்தான் எழுந்தான். மறுநாள் அவன் ஸ்டூல் காலி. நான்… ஊமையாட்டம் உக்காந்திருந்தேன். சே, நானும் மனுஷனா! இப்பவே போய் எல்லாம் பொய்னு எழுதிக் குடுக்கிறேன்.

நர்ஸ்: வாயை மூடு! நீயும் காணாமப் போயிட்டா இவளுக்கு யாரு?

தம்பி: அப்பக் கட்டில் குடு! உனக்கு மனசாட்சி இருக்கா? உன் பையனுக்கு வந்தாலும் தொண்ணூத்தெட்டுன்னு சொல்லி அனுப்பிடுவியா?

நர்ஸ்: அனுப்பினேன்டா. முந்தாநேத்து இதே தொண்ணூத்தெட்டைப் பார்த்துட்டு, நடிக்கிறான்னு முதுகுல ரெண்டு போட்டு ஸ்கூலுக்கு அனுப்பினேன். பாதி வழியில விழுந்துட்டான். இப்ப உள்ளதான் கெடக்கான்… காய்ச்சல்னு எழுத முடியாதே, கால் உடைஞ்சதுன்னு எழுதி மாவுக்கட்டுப் போட்டு வெச்சிருக்கேன். அந்த வார்டு பூரா அப்படித்தான். நீ ஃபாக்டரிக்காரன், போய்ச் சொல்லிடுவியோன்னு… உன்கிட்டயே பயந்தேன்டா. அழாதே. சீக்கிரம் சொல்லு, இவளுக்கு எந்தக் கால்ல கட்டுப் போடட்டும்?