மேகத்தைக் கண்டதும் ஏந்திய கை

திருவெள்ளறை பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் மேற்கே மேகம் கறுத்திருப்பது தெரிந்தது. புழுக்கத்தில் எனக்கும் மழை வந்தால் தேவலை என்றிருந்தது. முன்சீட்டுப் பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையேந்தி ஏதோ ஓதினார்.

"என்ன பாய் வேண்டிக்கிறீங்க?" என்றாள் எதிர்சீட்டில் கூடையோடு இருந்த பெண்.

"மழைக்கு துஆம்மா. சவுதியில தோட்ட வேலை பார்த்தேன். சுத்தி மணலு, வானம் தகரம் மாதிரி வெளுத்துக் கெடக்கும். துண்டு மேகம் தெரிஞ்சாலும் கையேந்திருவோம். அந்தப் பழக்கம் இன்னும் போகல."

"ஐயோ, நிறுத்துங்க பாய்! அறுத்த நெல்லு ரோட்டுல காயுது. நான் போய்த்தான் அள்ளணும்."

"யா அல்லாஹ்! தெரியாமக் கேட்டுட்டேனே. சரி, பக்கத்து ஊர்ல பெய்யட்டும்னு கேக்குறேன்."

"அங்க எங்க அக்கா நெல்லு கெடக்குங்க."

"மண்ணச்சநல்லூர்ல?"

"மில்லுக் களம் பூரா நெல்லுதான்."

"அப்ப எங்கதாம்மா பெய்யச் சொல்ல?"

பஸ்ஸின் முன்கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. ஊர் வர இன்னும் வெகுதூரம் இருந்தும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டருகே போய் நின்றாள்.

"நீங்க இருந்தீங்களே, அந்த மணலுக்குக் கேளுங்க பாய். சீக்கிரம் கேளுங்க."