ரெண்டு ஆள் வேலை

— பார்த்து மச்சான், பார்த்து! வேர் முறியுது, காதுல விழலையா?

— விழுது மாமா. முறியத்தானே வெட்டுறோம்?

— அந்தப் பக்கத்து வேரைத்தான் வெட்டணும். குழி இருக்கிற பக்கத்து வேரைத் தொடவே கூடாது. அது கதவுக்குக் கீல் மாதிரி. அதுல சாய்ஞ்சுதான் மரம் குளிர் முடியுற வரைக்கும் குழிக்குள்ள படுக்கும்.

— சரி, சரி, திட்டாதீங்க. பத்து டன் இரும்பை லாரியில ஏத்திக் கட்டி மலைப்பாதையில இறக்கினவன் நான். ஒரு சீமை அத்தி மரத்தைப் படுக்க வைக்க மாட்டேனா?

— இரும்பு பனியில கருகாதே.

— அடேயப்பா! அக்கா மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டீங்க. இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து குப்பை கொட்டினா அப்படித்தான் ஆகும்போல.

— மண்வெட்டியை இப்படிக் குடு.

— நானே வெட்டுறேன், விடுங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது. ரொம்ப இளைச்சிட்டீங்க மாமா. அக்கா சோறு போடுறாளா இல்லையா?

— வயசாகுதுல்ல.

— அக்கா! மாமாவுக்கு ஒழுங்கா சோறு போடு! ... பாருங்க, பதிலே இல்லை. ஜன்னல் பாதி திறந்திருக்கு, உள்ளே ரேடியோ பாடுது. நான் வந்தது தெரியாமலா இருக்கும்?

— மச்சான், நான் உன்கிட்ட...

— நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஒன்பது வருஷக் கோவம், ஒரு சாயங்காலத்துல கரைஞ்சிடுமா? நான் காத்திருக்கேன். ‘வாடா’ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் எனக்கு வேணும். திட்டிக்கிட்டே சொன்னாலும் சரி. போன வாரம் உங்க போன் வந்ததும் வண்டியை அப்படியே ஓரம் கட்டிட்டேன் தெரியுமா? அக்கா சொல்லித்தானே கூப்பிட்டீங்க?

— ம்.

— சொல்லுங்க மாமா. அவ சொன்னாளா இல்லையா?

— சொன்னா. அவ சொல்லித்தான் கூப்பிட்டேன்.

— இது போதும் எனக்கு. சத்தியமா போதும். மீதியை நான் பார்த்துக்குறேன்.

— காயைப் பறி முதல்ல. வெளிச்சம் போயிடும். இன்னிக்கே பனி உறையும்னு ரேடியோவுல சொல்லியிருக்கான்.

— இதையெல்லாமா? இவ்வளவு பெருசாயிடுச்சே, இன்னும் பத்து நாள் விட்டா பழுக்காது?

— பழுக்காது. வெயில் போயாச்சு. விட்டா மண்ணுக்குள்ள அழுகி, கிளையையும் சேர்த்துக் கெடுக்கும். நுனியில மிளகு மாதிரி இருக்கு பாரு, அதை மட்டும் விட்டுடு. அது அடுத்த வருஷத்துக்கு.

— ஐயோ, பால் வடியுது. கை எரியுது மாமா! அக்காவுக்கு இது பட்டா கொப்பளிச்சிடும். அதுக்குத்தான் கையுறை வாங்கிட்டு வந்தேன். வாசல்ல குடுத்தேனே, அவகிட்ட சேர்த்தீங்களா?

— என் பையிலதான் இருக்கு. நீ போட்டுக்கோ.

— நல்லா இருக்கே! அது அக்கா கைக்கு அளவு பார்த்து வாங்கினது. என் கட்டை விரல்கூட நுழையாது. அவளே வந்து வாங்கிக்கட்டும். இந்த வருஷம் காய்ப்பு எப்படி?

— நிறையக் காய்ச்சுது.

— சாப்பிட்டீங்களா?

— பறவை தின்னுச்சு.

— அக்கா விட்டாளா? சின்ன வயசுல ஒரு காக்கா வந்து உட்கார்ந்தா தெரு முனை வரைக்கும் விரட்டிக்கிட்டு ஓடுவாளே!

— இந்த வருஷம் விரட்டலை.

— அவளுக்கும் வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க. ஆனா இந்த மரத்தைப் பார்த்தா எனக்கு ஆச்சரியமா இருக்கு. அம்மா வீட்டுப் பின்பக்கம் நின்ன மரத்தோட குச்சிதானே இது? கல்யாணம் ஆகி இங்கே வர்ற அன்னிக்கு ஈரத்துணியில சுத்தி எடுத்துட்டு வந்தா. நான்கூடச் சிரிச்சேன். அந்தக் குளிர்ல சீமை அத்தியா, உன் மூக்குல வேணா காய்க்கும்னு.

— இங்கேயும் தெருவே சிரிச்சுது. முதல் குளிர்ல அடி வரைக்கும் கருகிடுச்சு. நான் பிடுங்கிப் போட்டுடலாம்னேன். அவ விடலை. நகத்தால பட்டையைக் கீறிக் காட்டினா. உள்ளே பச்சை இருந்துச்சு. அப்புறம் நர்சரிக்காரன் ஒருத்தன் சொன்னான், குளிருக்கு முன்னால மரத்தைச் சாய்ச்சுப் புதைச்சிடுங்க, பனி போனதும் தூக்கி நிறுத்துங்கன்னு. அன்னிலேர்ந்து இதே வேலைதான்.

— அந்தத் தாய் மரம் இப்போ இல்லை மாமா. வீட்டை வித்த மறு வருஷமே வெட்டிட்டாங்க. வண்டியில அந்தப் பக்கம் போனப்போ பார்த்தேன். கார் நிறுத்துறதுக்கு சிமெண்டு போட்டிருக்காங்க. அம்மா கையால வச்ச மரத்துல மிச்சம்னு சொல்ல இனிமே இது ஒண்ணுதான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க.

— சொல்ல மாட்டேன்.

— தனியா இதைப் பண்ண முடியாதா, மாமா? சும்மாதான் கேக்குறேன்.

— முடியாது. ஒருத்தர் கயித்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கணும். ஒருத்தர் அடியில மிதிச்சுத் தள்ளணும். ரெண்டு ஆள் வேலை.

— போன வருஷம் யாரு இழுத்தா?

— உங்கக்காதான்.

— இந்த வருஷம் அந்தக் கயித்தை என் கையில குடுத்திருக்கா! புரியுது. நேரா மன்னிச்சுட்டேன்னு சொல்ல வாய் வராது. மரத்தைச் சாக்கு வச்சிருக்கா. கெட்டிக்காரி!

— கயித்தைப் பிடி. கிளையெல்லாம் சேர்த்துக் கட்டியாச்சா?

— கட்டியாச்சு. முடிச்சைப் பாருங்க, யானை இழுத்தாலும் அவிழாது.

— நான் மிதிக்கிறேன். நீ சீரா இழு. வெடுக்குன்னு இழுத்தா ஒடிஞ்சிடும். ஆங்... அப்படித்தான். வருது, வருது.

— வெயிட்டா இருக்கே! அக்கா எப்படி இழுத்தா இதை?

— இழுத்தா. விடாதே. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சு நில்லு. மரம் பழகணும். அவசரப்படுத்தினா தண்டு பிளந்துடும்.

— எவ்வளவு நேரம்?

— நான் சொல்ற வரைக்கும்.

— சரி. கை ரெண்டும் மாட்டிக்கிச்சு, வாய் சும்மாதானே இருக்கு. அக்கா! கேக்குதா? ரேடியோவைக் கொஞ்சம் சின்னதா வையேன். நான் ஒண்ணு சொல்லணும்.

— மச்சான், வேணாம். முதல்ல நான் சொல்றதைக் கேளு.

— இருங்க மாமா. வண்டியில வர்றப்போ வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். இப்போ விட்டா வராது. அக்கா, அம்மா ஆஸ்பத்திரியில நினைவில்லாம நாலு நாள் கிடந்தப்போ நான் பக்கத்துலயேதான் இருந்தேன். போன் என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. நாலு நாளும் உனக்கு ஒரு போன் பண்ணலை. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பண்ணினேன். நீ வந்து சேர்றப்போ அம்மா மேல போட்ட மண்ணு காய்ஞ்சு போச்சு. “ஒரு போன் பண்ண உனக்கு விரல் இல்லையாடா”ன்னு கேட்டே. நான் என்ன சொன்னேன்? “நீ வந்து என்ன கிழிச்சிருப்பே”ன்னேன். அந்த வார்த்தைக்கு என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கணும்.

— மச்சான்...

— அது பொய்க்கா. உண்மையான காரணம் அது இல்லை. தினமும் போனை எடுப்பேன். உன் நம்பர் வரைக்கும் போவேன். அப்புறம் அம்மா முகத்தைப் பார்ப்பேன். உன்னைக் கூப்பிட்டுட்டா, அம்மா போகப் போறான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கூப்பிடாம இருந்தா இன்னும் ஒரு நாள் இருப்பா, நாளைக்குக் கண்ணைத் திறந்துடுவா. அப்படி ஒரு பைத்தியக்காரக் கணக்கு எனக்கு. உன்னை ஒதுக்கணும்னு இல்லைக்கா. பயம். பயந்தாங்கொள்ளி நான். இதைச் சொல்ல ஒன்பது வருஷம் ஆச்சு.

— கயித்தைத் தளர விடாதே.

— என்ன மாமா, கண்ணு கலங்குது? நான் அழணும், நீங்க அழுறீங்க.

— மண்ணு விழுந்துடுச்சு. இறக்கு, இறக்கு. போதும். மெதுவா. படுத்துடுச்சு.

— ஹப்பா. குழந்தையைத் தொட்டில்ல போட்ட மாதிரி இருக்கு. ... ஜன்னல்ல ஒரு அசைவும் இல்லையே. கேட்டிருப்பாள்ல?

— வைக்கோலை எடு.

— கேட்டிருப்பா. அழுதுக்கிட்டு இருப்பா. அழுது முடிச்சுத்தான் வருவா, சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். வைக்கோல் போதுமா?

— இன்னும் கொஞ்சம் அடியில திணி. மேல துணி சுத்தணும். அந்த மூட்டையைப் பிரி.

— பழைய போர்வை, சாக்கு, கிழிஞ்ச ஸ்வெட்டர்... இது என்ன? மாமா, இது பச்சைக் கோட்டு.

— ம்.

— மஞ்சள் பட்டன். என் முதல் சம்பளத்துல நான் வாங்கிக் குடுத்தது! இதையா மரத்துக்குச் சுத்தச் சொன்னா? இவ்வளவு வெறுப்பா என் மேல? அப்போ எதுக்கு என்னைக் கூப்பிடச் சொன்னா? என் கையாலயே இதை மண்ணுல போட வைக்கவா?

— வெறுப்பு இல்லை. போன குளிர் வரைக்கும் அதைத்தான் போட்டிருந்தா. நான் வேற வாங்கித் தர்றேன்னு எத்தனையோ தடவை கேட்டேன். வேணாம்னுட்டா.

— அப்புறம்? கிழியலையே, நல்லாத்தானே இருக்கு? இன்னிக்கே பனி உறையும்னு நீங்கதானே சொன்னீங்க? இதை மரத்துக்குப் போட்டுட்டா அவ எதைப் போட்டுப்பா?

— அவளுக்கு இனிமே குளிராது, மச்சான்.

— என்ன பேச்சு இது?

— அந்தக் கோட்டை இப்படிக் குடு.

— மாமா. என்னைப் பாருங்க. ரேடியோ பாடுதே உள்ளே?

— நான்தான் போட்டு வைப்பேன். காலையில போட்டா படுக்கிற வரைக்கும் பாடும். சும்மா இருந்தா வீடு தாங்கலை.

— அக்கா! அக்கா, வெளியில வா! விளையாடாதே!

— கத்தாதே. யாரும் இல்லை. நாலு மாசம் ஆச்சு.

— நாலு மாசமா?

— வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில பதினோரு நாள்.

— ஒரு மணி நேரமா நான் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கிட்டு இருக்கேன்! நீங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க! மனுஷனா நீங்க?

— வாசல்லயே சொல்லணும்னுதான் இருந்தேன். நீ கையுறையை நீட்டினே, என்னால முடியலை. அப்புறம் நீ அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினே. எனக்கே அவ உள்ளே இருக்கிற மாதிரி ஆயிடுச்சு. நாலு மாசம் கழிச்சு இந்த வீட்டுல ஒருத்தர் அவகிட்ட பேசுறாங்க. தடுக்க மனசு வரலை. தப்புதான். அடிக்கிறதுன்னா அடி.

— எங்க அம்மாவுக்கு அவ மண்ணு போடலை. அவளுக்கு நான் போடலை. சரியாப் போச்சு. பழி தீர்த்துட்டா. அவதானே எனக்குச் சொல்லக் கூடாதுன்னா?

— உட்காரு மச்சான். தண்ணி தரட்டுமா?

— தண்ணி வேணாம். இதை மட்டும் சொல்லுங்க. கோவத்தோடயேதான் போனாளா? நான் வரவே கூடாதுன்னாளா?

— அப்படிச் சொல்லலை.

— பொய் சொல்லாதீங்க. எனக்கு ஆறுதல் சொல்றதுக்காகப் பொய் சொல்லாதீங்க. அவ பிடிவாதம் எனக்குத் தெரியும்.

— பொய் இல்லை. முதல் நாளே ‘தம்பிக்குப் போன் பண்ணுங்க’ன்னா. நாளைக்குன்னேன். மறு நாளும் கேட்டா. ‘நீ குணமாகி வீட்டுக்கு வந்ததும் கூப்பிடலாம்’னு அவகிட்ட சொன்னேன். கடைசியில பேச்சு வரலை, விரலைக் காதுகிட்ட வச்சுக் காட்டினா. நானும் உன் நம்பரை எடுப்பேன். அவ முகத்தைப் பார்ப்பேன். திரும்பப் பையில போட்டுடுவேன். அவ போன பிறகு எந்த முகத்தோட உன்னைக் கூப்பிடுறது?

— அவ சொல்லித்தான் கூப்பிட்டேன்னு இப்போ சொன்னீங்களே மாமா, அதுவும் பொய்தானா?

— அது உண்மைதான். கூப்பிடுங்கன்னு அவ சொன்னது கோடையில, மச்சான். நான் கூப்பிட்டதுதான் போன வாரம்.